பதினொரு சுற்று

காவேரிப்பட்டணத்தில் நாலரை மணி.
மாங்காய் மண்டிக் கணக்கரிடம் வாங்கிய ஆல்ட்டோ,
இரண்டு வருஷமாகியும் பழவாடை போகவில்லை.
நாகவேணி மடியில் பை, பைக்குள் சீட்டு:
ஜரிகை நூல் மூன்று கண்டு, சர்க்கரை மணி கால் கிலோ,
வெள்ளிக்கிழமைப் பெண்ணின் ரவிக்கை முதுகுக்கு
மயில் கழுத்து நிறத்தில் கல்.
"சிக்பேட்டையில இருபது நிமிஷ வேலை" என்றாள்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
கண்ணாடியில் ஒட்டிய வில்லையைப் பார்த்ததும்
குறுக்குக்கட்டை எழுந்து வழிவிட்டது.
அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.
குருபரப்பள்ளி வரை இருட்டு.
சூளகிரி மலை முதலில் கறுப்பாக, பிறகு நீலமாக,
பிறகு வெறும் மலையாக வந்தது.
ஓசூரில் ரோஜா ஏற்றிய வேன் முந்திப் போனது.
டீசல்தான் மணத்தது.

அத்திப்பள்ளி பங்கில் பெட்ரோல்.
அதற்குப் பிறகு பலகையெல்லாம் வேறு எழுத்து.
காதால் கேட்டால் புரியும் எனக்கு,
கண்ணால் பார்த்தால் புரியாது.

சில்க் போர்டில் ஒன்றேகால் மணி நேரம்.
பக்கத்து லாரிக்காரர் இறங்கிப் போய்
டீ குடித்து, பல் குத்தி, திரும்பி ஏறினார்.
நான் அவருக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

சிக்பேட்டை முனையில் அவளை இறக்கிவிட்டு
"இங்கயே நில்லு, வண்டியப் போட்டுட்டு வந்துடறேன்" என்றேன்.
"நான் எதுக்கு நிக்கணும்?"
கூட்டம் அவளை வாங்கிக்கொண்டது.

"நில்லிசபேடி" என்றார் போக்குவரத்துக் காவலர்.
பாதி வார்த்தையில் நில் என்கிறது,
நின்றால் மீதி வார்த்தை துரத்துகிறது.
இடது. மறுபடி இடது. கோணிக்கடை. இடது.
இழுவை வண்டியின் கொக்கியில் யாருடைய ஸ்கூட்டரோ
அந்தரத்தில் முன்சக்கரத்தைச் சுழற்றியபடி போனது.

நான்காம் சுற்றில் ஒரு காலியிடம்,
அளவெடுத்துத் தைத்த மாதிரி என் வண்டிக்கு.
நடுவில் கவிழ்த்துவைத்த நீல வாளி.
"மொதலாளி கார் வருது" என்றான் பையன், தமிழில்.
வாளி அசையவில்லை.
முப்பத்தொன்பது வயதில்
ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஏழாம் சுற்றில் இட்லிக் கடைக்காரர் அடையாளம் கண்டு சிரித்தார்.
ஒன்பதில் கையை விரித்து, "இன்னுமா?" என்றார்.
ஊர்க் கோயிலில் சனீஸ்வரனோடு எட்டுப் பேருக்கும் சேர்த்து
ஒன்பதே சுற்றுதான்.

"முடிஞ்சது. எங்க இருக்கே?"
"சுத்திட்டிருக்கேன்."
பதினொன்றாவதில், ஓடும் வண்டியில் தாவி ஏறினாள்,
டவுன் பஸ்ஸில் ஏறிப் பழகியவள்.
"எப்படி இருக்கு பெங்களூரு?"
"இடப்பக்கமாவே இருக்கு" என்றேன்.

வழியெல்லாம் அவள் பார்த்தவை:
மூன்று மாடி முழுக்கப் பொத்தான் விற்கும் கடை,
மணியை அரிசி போலப் படியில் அளக்கும் பெண்,
தமிழ் பேசி விலை கூட்டிச் சொன்னவன்,
அவனிடம் தெலுங்கில் பேசிக் குறைத்தது.
கல்லை விரலில் பிடித்துக் காட்டினாள்.
முன்னே டேங்கர், என்னால் திரும்ப முடியவில்லை.
"சரி, அப்புறம் பாரு" என்று பொட்டலம் கட்டினாள்.

சூளகிரி தாண்டி இடது பக்கம்
மனை போட்ட பொட்டல். தோரணவாயில் மட்டும் தயார்.
மஞ்சள் தலைக் கற்கள், நூல் கட்டிய தெருக்கள்,
வராத வீடுகளுக்கு வந்துவிட்ட விளக்குக் கம்பங்கள்.
திருப்பினேன்.
"இங்க எதுக்கு?"
"இடம் இருக்கு."

காலையில் பங்கில் அணைத்ததற்குப் பிறகு
இப்போதுதான் சாவியைத் திருப்பினேன்.
இன்ஜின் சூடு டிக் டிக்கென்று இறங்கியது.
காவலாளி திம்மராயன் தடியோடு வந்தார்.
"மனை பாக்கவா?"
"இல்லைங்க. வண்டி நிறுத்த."
"எத்தினி நாளைக்கு?"
"பத்து நிமிஷம்."
எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.
"நிறுத்திக்க சாமி. நானூறு மனைக்கும் இன்னும் ஒருத்தரும் வரல."

நாகவேணி பொட்டலத்தைப் பிரித்து
கல்லை டேஷ்போர்டில் வைத்தாள்.
சாயும் வெயிலில் ஒரு பக்கம் பச்சை,
தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நீலம்.
நிறையச் சாய்த்துப் பார்த்தேன்.

வண்டி கோணலாக நிற்பது அப்போதுதான் உறைத்தது.
மறுபடி கிளப்பி, பின்னால் எடுத்து, நேராக்கி,
நூற்றுப் பதினேழாம் கல்லுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
கோடு மிதிக்காமல் நிறுத்தினேன்.
திம்மராயன் கையைக் காட்டி உதவினார்:
"வரட்டும், வரட்டும், ஆங்."